வராத காய்ச்சல்

மக்கா,

வருகிற பொங்கலோடு நம் விளையாட்டு மன்றத்துக்கு ஐம்பது வயது. ஆண்டு மலர் போடுகிறார்கள். மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் சுயம்பு வீட்டுக்கு வந்து, சாயா குடித்து முடிக்கும்வரை வாய் திறக்காமல் இருந்துவிட்டு, தம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் விஷயத்துக்கு வந்தான். "அண்ணே, வளர்ப்புப் பிள்ளையளுக்கும் அவிய குடும்பத்துக்கும் நம்ம மன்றம் என்ன செய்ததுன்னு நாலு பக்கம் எழுதித் தாங்க. இப்பம் மாசந்தோறும் அஞ்சு குடும்பம் இங்க வருது. புதுசா வாறவியளுக்குப் படிக்கக் குடுக்கலாம்லா. உங்களவிட யாருக்குத் தெரியும்?" காலமெல்லாம் பஸ் ஸ்டியரிங் பிடித்த கையிடம் ஒருவன் வந்து கட்டுரை கேட்டால் தலைகால் புரியுமா? இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். எழுதியதை உன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "நல்லாத்தான் இருக்கு. அந்த மழைக்காலத்த எங்க விட்டீங்க?" என்றாள். நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு உனக்கு இதை எழுதுகிறேன்.

போன வாரம் நீ மதுரையிலிருந்து பேசியபோது கல்யாணப் பத்திரிகை யார் யாருக்கு என்று நான் கேட்டேன். எல்லாருடைய பெயரையும் சொன்னாய். கடைசியில் நானே, "திற்பரப்புக்கு?" என்றேன். "வேண்டாம்ப்பா. நான் வேணும்னு நெனச்சிருந்தா அந்த மழையில வந்திருப்பாங்க. நான் எத்தன நாள் காத்துக் கெடந்தேன்னு உங்களுக்குத்தான் தெரியுமே" என்றாய். ஆமாம், எனக்குத்தான் தெரியும். நீ போனை வைத்தபிறகும் என் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். உன் அம்மா வராமல் போனதற்குக் காரணம் யார் என்று தெரியாமல் நீ மணையில் உட்காரக்கூடாது. அதனால், கிழித்த கட்டுரையில் இருந்ததையும் இல்லாததையும் சேர்த்தே சொல்கிறேன்.

நீ எங்களிடம் வந்தபோது உனக்கு எட்டு வயது. உன் அப்பா மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனபின் உன் அம்மா கனகம் மனசு கலங்கி ஆஸ்பத்திரியில் இருந்தாள். நாகர்கோவில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து அலுவலர் அம்மா உன்னைக் கூட்டிவந்து, "அவங்களுக்குக் குணமாகுறவரை" என்றுதான் ஒப்படைத்தார். அந்தச் சொல்லை நான் அன்றைக்கே காதில் வாங்கவில்லை. பிள்ளை இல்லாத வீட்டுக்குப் பிள்ளை வந்திருக்கிறது, அவ்வளவுதான் எனக்கு. முதல் நாளே உன்னை மடியில் இருத்தி, "அப்பான்னு கூப்பிடு மக்கா" என்றேன். நீ சுவரைப் பார்த்தாய். உன் அத்தைதான் என்னை அதட்டினாள். "பிள்ளைக்கு அம்மான்னு ஒருத்தி உயிரோட இருக்கா. எனக்கு அத்தை போதும். உங்களையும் மாமான்னு கூப்பிடட்டும், கொம்பு மொளைக்காது." அவள் அன்று எடுத்துக்கொண்ட பெயரை இன்றுவரை மாற்றவில்லை. எனக்குத்தான் பேராசை.

நாலு மாதம் நீ எங்கள் வீட்டில் விருந்தாளியாக இருந்தாய். தண்ணீர் குடிக்கக்கூட, "மாமா, குடிக்கட்டா?" என்று கேட்பாய். தட்டில் பாதிச் சோறு மிஞ்சும். உனக்கு என்ன குறை என்று நானும் அத்தையும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. ஒரு சின்னப் பிள்ளையைப் பெரியவர்கள் இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் அது எப்படிச் சாப்பிடும்? போதாததற்குத் தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று, "இதுதான் அந்தப் பிள்ளையா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

மன்றத்துக்கு உன்னை அனுப்பச் சொன்னவர் அந்த அலுவலர் அம்மாதான். அங்கே உன்னை யாரும் பார்க்கவில்லை. அதுதான் மருந்து. வாலிபால் ஆடுகிறவன் பந்தைப் பார்ப்பான், கேரம் ஆடுகிறவன் காயைப் பார்ப்பான். சுயம்பு பதிவேட்டைத் திறந்து உன் பெயரை எழுதினான். அடுத்த கட்டம் தகப்பனார் பெயர். பேனாவை வைத்துக்கொண்டு உன்னையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். பிறகு அந்தக் கட்டத்தில் நம் தெருவின் பெயரை, "கீழத்தெரு" என்று எழுதிவிட்டு, "ஏட்டி, அந்தப் பவுடர் டப்பாவ எடு" என்றான். நீ எடுத்துக் கொடுத்தாய். அன்று வீட்டுக்கு வந்து இரண்டாவது முறை சோறு கேட்டாய். அத்தை அடுக்களைக்குள் போய் அழுதாள். நான் வெளியே நின்று பீடி பற்றவைத்தேன்.

உனக்கு மட்டும் செய்த உதவி என்று நினைக்காதே. எங்களுக்கும் அது பெரிய ஆறுதல். வீட்டில் உன்னிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. மன்றத்து பெஞ்சில் உட்கார்ந்தால் பேசவே வேண்டாம். நீ ஆடுவாய், நான் பார்ப்பேன், திரும்பும் வழியில் ஆட்டத்தைப் பற்றிப் பேச நமக்கு ஏதாவது இருக்கும். அத்தை பெண்கள் வடம் இழுக்கிற அணியில் சேர்ந்தாள். தெருவில் உன்னைப் பற்றி வாய் ஓயாமல் கேட்ட பெண்கள் அவளோடு சேர்ந்து ஒரே வடத்தைப் பிடித்து இழுத்தபிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வருடம் உன் அம்மாவுக்குக் கொஞ்சம் குணமாகி, திற்பரப்புப் பக்கம் மலையோர ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகத் தொடங்கினாள். முதலில் நீங்கள் சந்தித்தது நாகர்கோவில் அலுவலகத்தில். நடுவில் ஒரு மேஜை. அவள் "சொகமா?" என்பாள். நீ தலையாட்டுவாய். அரைமணி நேரமும் மின்விசிறிச் சத்தம்தான். பாவம், அவர்களும் என்ன செய்வார்கள்? சுயம்புதான் போய்ப் பேசினான். "மன்றத்துக்கு வரச் சொல்லுங்க மேடம். நான் கூட இருக்கேன். ஒரு போர்டு இருந்தா ரெண்டுபேருக்கும் கையாவது ஓடும்." அனுமதி கிடைத்தது. ஆனால் கனகத்துக்கு விடுமுறை என்று ஒரு நாள் கிடையாது. மழை பெய்தால் மரம் நனைந்திருக்கும், பால்வெட்டு இல்லை, அன்றுதான் வரமுடியும். அவளிடம் போனும் இல்லை. காலையில் மழை பிடித்ததும் கடையிலிருந்து சுயம்புவுக்குப் பேசிவிட்டு பஸ் ஏறுவாள். சுயம்பு எனக்குச் சொல்வான். நான் வீட்டுக்குச் சொல்வேன்.

மழையானால் வாலிபால் கிடையாது. அதனால்தான் உனக்குக் கேரம் வந்தது. ஈரத்தில் போர்டு இழுக்கும், காய் ஓடாது. சுயம்பு பல்பைத் தாழ்த்திக் கட்டி, போர்டைச் சூடாக்கி வைத்திருப்பான். உன் அம்மா முதல் நாள் ஸ்ட்ரைக்கரைத் தொடவே கூச்சப்பட்டாள். மூன்றாவது அடியில் சிவப்பைப் போட்டாள். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையைச் சீவுகிற கை அல்லவா! "எனக்க மோளே, விரலால அடிக்காத, மணிக்கட்டால தள்ளு" என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தது அவள்தான். பின்னால் உனக்குக் கல்லூரியில் இடம் வாங்கித் தந்த அந்த ஆட்டம் அவள் கொடுத்தது. சில நாள் நானும் அத்தையும் உட்காருவோம். போர்டின் நாலு பக்கமும் நாம் நாலு பேர். அவள் எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் வரமாட்டாள். பிள்ளையை யாசகம் கேட்டு வந்ததுபோல் ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. மன்றத்தில் அவளும் ஒரு ஆள், நானும் ஒரு ஆள்.

அப்படி ஒரு நாள் நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். வாசலில் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு மழையில் இறங்கப் பார்த்தான். உன் குரல் கேட்டது. "அத போடாத. அது எங்க அப்பாக்க செருப்பாக்கும்." உன்னைப் பெற்றவர் போய் மூன்று வருடம். செருப்பு என்னுடையது. அதை மறுபடி சொல்வாயா என்று எழுந்திருக்காமல் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில், "அப்பா, குடைய நேரா பிடிங்க" என்றாய். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கெடுத்தது.

அந்த வருடம் புரட்டாசியில் அலுவலர் அம்மா வந்து, கனகத்தின் உடம்பு நன்றாகத் தேறிவருகிறது, இந்த மழைக்காலச் சந்திப்புகள் எப்படிப் போகின்றன என்று பார்த்துவிட்டு, உன்னை அவளிடம் திரும்ப அனுப்புவது பற்றிக் குழந்தைகள் நலக் குழு யோசிக்கும் என்றார். நல்ல சேதி. நான் சாயா கொடுத்து வழியனுப்பினேன். ஐப்பசி பிறந்தது, மழை பிடித்தது. சுயம்பு போனில், "அண்ணே, கனகம் பேசினா. இன்னைக்கு வெட்டு இல்லையாம், மத்தியானம் வாறா" என்றான். "பிள்ளைக்குக் காய்ச்சல் சுயம்பு, எழும்ப முடியல" என்றேன். வீட்டுக்குப் போன் செய்து, "மழை கொட்டுது, இன்னைக்கு மன்றத்துக்கு அனுப்பாத, காய்ச்சல் கீச்சல் வந்திரப்போவுது" என்றேன். அக்கறையுள்ள தகப்பனின் பேச்சு. யார் சந்தேகப்படுவார்கள்? இப்படி நாலு முறை செய்தேன். ஒவ்வொரு மழைக்கும் சாயங்காலம் நீ வாசலுக்கு ஓடிவந்து, "அப்பா, மலையில இருந்து போன் வந்துதா?" என்று கேட்பாய். "இல்ல மக்கா" என்பேன்.

அவள் கிளம்பியபிறகு அவளைத் தடுக்க வழி கிடையாது என்பது எனக்குத் தெரியும். நாகர்கோவில்–திற்பரப்பு தடத்தில் நான் ஒன்பது வருடம் வண்டி ஓட்டியவன். மழையில் அந்த ரோடு என்ன பாடு படுத்தும், நாகர்கோவிலில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து சுசீந்திரம் வந்து நம் ஊருக்கு நடக்க எவ்வளவு நேரமாகும் என்று நிமிடக் கணக்காகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லித் தப்பிக்க எனக்கு இடமில்லை.

நாலாவது முறை நான் டூட்டியில் இருந்தேன். மன்றத்தில் உன்னைக் காணாமல் அவள் திரும்பிப் போகிற பஸ் என்னுடையதாக அமைந்துவிட்டது. வடசேரி பஸ் நிலையத்தில் நனைந்து ஏறி, முன்பக்கம் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தாள். தலைக்குமேல் இருக்கிற கண்ணாடியில் அவள் முகம் நேராகத் தெரிந்தது. மடியில் ஒரு பொதி. நான் திரும்பவில்லை. அவ்வளவு தூரமும் அப்படியே ஓட்டினேன். அவள் இறங்கும் இடம் வந்ததும் பின்வாசல் வழியாகப் போகாமல் என்னிடம் வந்தாள். "அண்ணே, முந்திரிக்கொத்து. மோளுக்குக் குடுங்க. காய்ச்சல் கொறஞ்சப்புறம் குடுத்தா போதும்" என்றாள். வாங்கி என் சாப்பாட்டுப் பையில் வைத்தேன்.

அதை உனக்குக் கொடுத்தேன். கடையில் வாங்கியது என்று சொல்லிக் கொடுத்தேன். நீ ஒன்றைக் கடித்துவிட்டு, "அப்பா, இது எங்க அம்மா செய்யுற மாதிரியே இருக்கு" என்றாய். அப்போதாவது என் வாய் திறந்திருக்கலாம். "எல்லாக் கடையிலயும் இப்படித்தான் மக்கா" என்றேன். இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அதன்பிறகு அவள் போன் செய்யவில்லை. தை பிறந்து குழு உன்னிடம் கேட்டபோது, "இங்கேயே இருக்கேன்" என்றாய். பங்குனியில் அவள் ஒருமுறை மன்றத்துக்கு வந்தாள். நீ பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டாய். எல்லாரும் உன் விருப்பம் என்று எழுதிக்கொண்டார்கள். அத்தைக்கு எப்படித் தெரிந்தது என்கிறாயா? சுயம்பு அவளிடம், "பிள்ளைக்கு இந்த மழைக்கு ரொம்பக் காய்ச்சலடிச்சோ?" என்று விசாரித்திருக்கிறான். அவள் என்னோடு எட்டு நாள் பேசவில்லை. பேசியபோது, "இத நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும். கல்யாணம் காட்சின்னு வரும்போது இதுக்குமேல வாய மூடிட்டு இருந்தீங்கன்னா அப்பம் நான் சொல்லுவேன்" என்றாள். நாளைக்குச் சொல்லலாம், பரீட்சை முடியட்டும், வேலை கிடைக்கட்டும் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு பொய்யைப் பன்னிரண்டு வருடம் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டேன். நீ நாளைக்கு ஒருவனோடு குடும்பம் நடத்தப் போகிறாய். பிரியம் பெருகும்போதுதான் மனிதன் தனக்குச் சாதகமாகப் பொய் சொல்வான் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

நேற்று திற்பரப்புக்குப் போனேன், பயணியாக. உன் அம்மா கொட்டகையில் ரப்பர் ஷீட்டைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தாள். முடி பாதி நரைத்துவிட்டது. "வாங்கண்ணே, இரிங்க. மோளுக்கு சொகம்தானா?" என்றாள். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றுகொண்டே சொன்னேன். "கனகம், அந்த வருசம் பிள்ளைக்குக் காய்ச்சலே கெடையாது. நாந்தான் பொய் சொன்னேன்."

அவள் அடுத்த ஷீட்டை எடுத்தாள். "எனக்குத் தெரியும்."

"எப்பம்?"

"உங்க வண்டியில நான் ஏறின அன்னைக்கே. மன்றத்துல இருந்து எறங்கி பஸ்ஸுக்கு நடக்கேன். குளத்துக்கு அந்தக் கரையில பள்ளிக்கூடம் விட்டு பிள்ளைய எல்லாம் போவுது. எனக்க மோளும் போறா. குடைய மடக்கிக் கையில வச்சிட்டு, நனைஞ்சு, சிரிச்சிட்டுப் போறா. காய்ச்சல் உள்ள பிள்ளையா அது?"

"ஒரு சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாமே கனகம்."

அவள் ஷீட்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். "கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டா உங்க பொய் வெளிய வந்திரும். அவளுக்கு ஒரு அப்பன் செத்தாச்சு. ரெண்டாமத்த அப்பன் பொய் சொல்லுறவன்னு அந்த வயசுலயா தெரியணும்? எனக்கும் அந்த மழையோட பின்னயும் சொகமில்லாம ஆச்சு. எனக்க கையில தந்திருந்தா அன்னைக்கு என்னால பாத்திருக்க முடியாது. அதனால உங்கமேல கோவம் இல்லேன்னு நெனைக்காதீங்க. கோவம் உண்டு."

காய்ச்சல் குறைந்தபிறகு கொடுங்கள் என்று அவள் என்னிடம் சொன்னபோது காய்ச்சல் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஓட்டுகிறவன் தலை குனியக்கூடாது என்று பஸ்ஸில் என் பொய்யை எனக்கே திருப்பிக் கொடுத்து, என் மானத்தைக் காப்பாற்றிவிட்டு மழையில் இறங்கிப் போயிருக்கிறாள். உன் கல்யாணப் பத்திரிகையை நீட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள், ஆனால் வாங்கவில்லை. "நிங்க கூப்பிட்டா அது உங்க மனசு ஆறுறதுக்கு வேண்டி. அவ கூப்பிடட்டும்" என்றாள்.

அந்தப் பத்திரிகையை இதோடு வைத்திருக்கிறேன். பெயர் எழுதாமல் இருக்கிறது. அவளுடைய போன் எண் பின்பக்கத்தில். இதை மலரில் போடலாமா என்பதையும் நீதான் சொல்ல வேண்டும். புதிதாக வரும் குடும்பங்களுக்கு மன்றத்தைப் பற்றி நான் சொல்ல உருப்படியாக ஒன்றுதான் இருக்கிறது. பிள்ளை அங்கே போய் யாரைச் சந்தித்தாலும் தடுக்காதீர்கள். நான் தடுத்துப் பார்த்தவன்.

நீ ஊருக்கு வருகிற சனிக்கிழமை மன்றத்துக்கு வா. உன் அம்மா நம் வீட்டுக்கு வரமாட்டாள், நீயும் மலைக்குப் போகமாட்டாய், எனக்குத் தெரியும். இங்கே ஐப்பசி மழை நிற்கிற மாதிரி இல்லை. அவளுக்கு வெட்டு இருக்காது. சுயம்புவிடம் சொல்லி போர்டை பல்புக்கு அடியில் வைக்கச் சொல்லிவிட்டேன். நான் உள்ளே வந்து உட்காரமாட்டேன். வராந்தாவில் நிற்பேன், செருப்பு வாசலில் கிடக்கும். அது யாருடையது என்று யாராவது கேட்டால் இனி நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். முதலில் அவளுக்கு ஒரு போன் செய், மக்கா.